தொங்கும் சக்கரங்கள்

பந்தயம் இதுதான்.
இறங்க வரும் விமானத்தின் சக்கரங்கள்
தரையைத் தொடும் முன்பே சுழன்றுகொண்டிருக்கும் என்கிறான் தியோதூல்.
இல்லை, சும்மா தொங்கும் என்கிறேன் நான்.
தோற்பவருக்கு ஒரு மாத ஞாயிறுகள்
கடையில் தனி வேலை.

குவாதலூப்பில் லாரி டயருக்குப் பஞ்சர் பார்ப்பவள் நான்.
பதினேழு வருடமாய்
உருண்டு ஓய்ந்தவை மட்டுமே என்னிடம் வருகின்றன,
ஆணியோ கண்ணாடியோ
எதையாவது விழுங்கிக்கொண்டு.

முதலாளியின் கேமராவை இரவல் வாங்கி
மாஹோ கடற்கரைக்கு வந்திருக்கிறேன்.
ஓடுபாதையின் வேலி,
அதை ஒட்டி ஒரு சாலை,
சாலைக்கும் அலைக்கும் நடுவே
பாய் விரித்தாற்போல் கொஞ்சம் மணல்.
இவ்வளவுதான் இடம். இதற்குள் முந்நூறு பேர்.

எல்ட்ரிஸ், மதுக்கடைப் பலகையில்
வருகை நேரங்களைச் சாக்பீஸால் எழுதுகிறாள்.
பாரிஸ் 2.40.
விரலால் அழித்து, 3.15.
"பெரியது எப்போதும் பொய் சொல்லும்,
சின்ன விமானங்கள்தான் யோக்கியம்."
சக்கரம் சுழலுமா என்று கேட்டேன்.
"நான் எங்கே மேலே பார்த்தேன்?
எல்லாரும் அண்ணாந்திருக்கும் நேரத்தில்தான்
காசு கொடுக்காமல் நழுவுவார்கள்."

முதலில் கடல்மேல் ஒரு வெள்ளைப் பொட்டு.
நகரவில்லை, வளர்கிறது.
எலுமிச்சை அளவு, பூசணி அளவு,
பிறகு ஒப்பிட எதுவும் கிடைக்கவில்லை.
நிழல் முதுகின்மேல் ஈரத்துணிபோல் இழுபட்டுப் போக
வயிற்றுக்குள் எலும்பெல்லாம் ஒருமுறை இடம் மாறி அமர,
தலைக்கு மேலே
பத்துச் சக்கரங்கள்.

சுழலவில்லை.
கொடியில் காயும் துணிக்கு இருக்கும் அசைவுகூட இல்லை.
அத்தனை வேகத்துக்கு நடுவில்
இன்னும் எதுவும் தெரியாத அந்தப் பத்தும்
குளித்துத் தலை துவட்டிய பிள்ளைகள்போல் தொங்கின.
வேலிக்கு அப்பால் தொட்டது.
ஒரு கிறீச், ஒரு பிடி நீலப் புகை.
அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.
முந்நூறு பேரில் எனக்கு மட்டும்
அது வீட்டு நாற்றம்.

முப்பத்தோரு படம்.
நிழலில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன்.
சக்கரங்கள் நிற்கின்றன,
ரப்பரின் வரிகளைக்கூட எண்ணலாம்.
ஆனால்
அலையும் நிற்கிறது.
பறந்த தொப்பி நிற்கிறது.
கத்திய பெண்ணின் வாய் நிற்கிறது.
விநாடியை இரண்டாயிரமாய் நறுக்கும் பெட்டிக்கு
ஓடுவது எது, நிற்பது எது?
தியோதூல் சிரிப்பது இங்கே கேட்டது.

அடுத்த விமானத்துக்கு வேகத்தைக் குறைத்தேன்.
கிடைத்தது ஒரு வெள்ளைத் தீற்றல்.
சக்கரம், கடல், மேகம்
எல்லாம் ஒரே கஞ்சி.

மாலையில் ஒன்று புறப்பட்டது.
அதன் பின்காற்றில்
செருப்பு, துண்டு, ஒருவரின் பொய்முடி
எல்லாம் கடலுக்குப் போயின.
ஷேமார் என்ற பையன் நீந்திப் போய்
பொருளுக்கு ஒரு டாலர் என்று மீட்டுத் தந்தான்.
பொய்முடிக்கு மூன்று.
என் கண்ணுக்குள் போன மணலுக்கு
அவனிடம் விலை இல்லை.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன்.
தியோதூல் கையைத் துடைத்துக்கொண்டு,
"வீடியோ எடுத்திருக்கலாமே?"

தோன்றவில்லை.
முப்பத்தோரு படத்துக்கு நடுவே
அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

இது இரண்டாவது ஞாயிறு.
கடையில் யாரும் இல்லை.
ஜாக்கியில் ஏற்றிய லாரியின் முன்சக்கரத்தை
உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு
எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
நிற்க
எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, பார்.