மட்டக் குறிப்பேடு

என் பெயர் ஈனக் டன்னிக்ளிஃப்.
ஹோல்விச் நகராட்சியில் மட்டம் பார்ப்பவன்.
முக்காலி, தூரக்கண்ணாடி,
அளவுகோல் பிடிக்க ஒரு பையன்.

எங்கள் ஊருக்குக் கடல் இல்லை.
இங்கிலாந்தின் வடமேற்கில், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே,
மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புகை.
என்றோ வந்த கடலொன்றை விழுங்கிவிட்டுச்
செம்மண்ணை இழுத்துப் போர்த்திப் படுத்த நிலம்.
எவ்வளவு காலமாக என்று கேட்டால்
பாதிரியார் ஒரு கணக்குச் சொல்வார்,
சுரங்கத்துப் பொறியாளர் சிரிப்பார்.

ரோமானியர் ஈயத் தொட்டியில் காய்ச்சினார்கள்.
தொட்டி ஒன்று ஆற்றுச் சேற்றில் அகப்பட்டது,
விளிம்பில் யாரோ ஒருவன் பெயரில் பாதி.
பிறகு துறவிகள். பிறகு பிரபுக்கள்.
பிறகு நிலக்கரிக்குத் தோண்டியவன்
பழுப்புப் பாறையில் கடப்பாறை முட்டி
ஏமாந்த எரிச்சலில் ஒரு சில்லை நக்கிப் பார்த்தான்.
அந்த நாக்கில் தொடங்கியது இந்த ஊர்.

இப்போது தோண்டுவதுகூட இல்லை.
மழை இறங்கிப் பாறையைக் கரைக்கும்,
பதினேழு கம்பெனிகளின் நீராவி எந்திரங்கள்
இரவும் பகலும் உறிஞ்சும்,
இரும்புத் தட்டுகளில் கொதித்து வெளுக்கும்.
படகேறி லிவர்பூல், கப்பலேறிக் கல்கத்தா.
வாசலில் கடலை வைத்திருக்கும் சனங்கள்
எங்கள் உப்பை வரி கட்டி வாங்குகிறார்களாம்.
ஏன் என்று கேட்டான் பையன்.
கோலை நேராகப் பிடி என்றேன்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான், உலக வழக்கம்.
இங்கே தண்ணீர் உப்பைத் தின்கிறது,
அப்புறம் தலை நிமிர்ந்து ஊரைப் பார்க்கிறது.

பன்றிச்சந்தை முனையில் ஒரு காலை
வங்கிக் கட்டடம் முழங்கால் மடக்கியது.
லாயத்தில் நின்ற குதிரை போயிற்று,
கயிறோடு, தீனித் தொட்டியோடு, லாயத்தோடு.
மதுக்கடையில் கோலிக்குண்டு உருட்டிப் பந்தயம்,
இன்றைக்கு எந்தச் சுவருக்கு ஓடும் என்று.

மெஹெட்டபெல் யார்வுட், தொப்பி தைப்பவள்,
வழக்குப் போட்டாள்:
என் வீடு இறங்குகிறது, அடுக்களைக்குள் ஆறு வருகிறது.
எவருடைய குழாய் உன் நிலத்தைக் குடித்தது, காட்டு
என்றது கோர்ட்டு.
உப்புநீருக்குச் சூட்டுக்குறி போட முடியுமா, அதென்ன மாடா?
பதினேழு வக்கீல்களும் ஒன்றாக எழுந்தார்கள்.
பிறகு என் ஏட்டைத் திறந்தார்கள்.
யார்வுட் வீடு: ஒன்பது ஆண்டில் கால் அங்குலம்.
என் கையெழுத்து. திருத்தமான எண்.
வீடு இறங்கவில்லை, ஆறுதான் ஏறியிருக்கிறது
என்று தீர்ப்பாயிற்று.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
ஏட்டைப் பார்த்தாள்.

என் அளவுகள் எல்லாம் ஒரு கல்லிலிருந்து.
தேவாலயத்தின் வடமூலையில்
செதுக்கிய கோடு, கீழே அம்புக்குறி.
அசையாது என்று அரசாங்கமே எழுதிய கல்.

மார்ச்சில் லண்டன் அளவையாளர்கள்
மணற்கல் மேட்டிலிருந்து புதிதாக மட்டம் கொண்டுவந்தார்கள்.
மூன்று முறை பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
கல் இரண்டடி நான்கு அங்குலம் இறங்கியிருந்தது,
கோபுரம், கல்லறைகள், யார்வுட் வீடு எல்லாவற்றையும்
தாம்பாளத்தில் வைத்ததுபோல்
சிந்தாமல் கூட்டிக்கொண்டு.

முடிந்த வழக்கு முடிந்ததுதான் என்றார்கள்.
அவள் கடனை வாங்கி வீட்டை மரச்சட்டத்தில் ஏற்றினாள்,
நான்கு மூலையிலும் திருகு ஜாக்கி.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
தென்கிழக்கு மூலை இரண்டு சுற்றுக் குறைவு என்றேன்.
எழுதிக் கொடுப்பீரா என்றாள்.

கோட்டைக் கழற்றி வேலியில் போட்டேன்.
கைப்பிடி சில்லென்றிருந்தது.
முதல் சுற்றில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் வீடு முனகியது,
உள்ளே எங்கோ ஒரு கதவு
தானாகச் சாத்திக்கொண்டது.