பகலுக்குச் சாயம்

ராத்திரி எட்டுக்குப் போய்க் காலை எட்டுக்குத் திரும்புகிறவளுக்கு
சன்னல்தான் முதல் பகையாளி.
எங்கள் படுக்கையறைச் சன்னல் கிழக்கே பார்த்தது.
அப்பால் வயல், அறுப்பு முடிந்த தாள்,
மறைப்புக்கு ஒற்றை மரம் கிடையாது.
திருவாரூர் வெயில் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து
என் இமைமேல் உட்கார்ந்துகொள்ளும்.

கடைத்தெருவில் இருட்டுத்திரை கேட்டேன்.
ஒரு சன்னலுக்கு ஆயிரத்து நானூறு என்றார்கள்.
இருட்டுக்கா இந்த விலை?
வார்டு வராந்தாவில் ராத்திரி முழுக்க
சும்மாதானே கிடக்கிறது.

கல்யாண வீடுகளில் ஜெரோமுக்கு வைத்துக் கொடுத்த வேட்டிகள்
பீரோவின் அடித்தட்டில் எட்டு.
ஜெரோம் பேண்ட் போடுகிற ஆள்.
நான்கை எடுத்தேன். கரையைக் கிழித்தேன்.
கஞ்சி போகும்வரை அலசி, காயவைத்து,
நாத்தனாரின் தையல் மிஷினில்
கோணலும் மாணலுமாய் மூட்டினேன்.

நேவி ப்ளூ ஆறு பாக்கெட்.
வேதாரண்யம் கல்லுப்பு இரண்டு கை.
ஒடுக்கு விழுந்த அலுமினிய அண்டா;
இனி அதில் சோறு வடிக்க முடியாது.
ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்துக் கிண்டினேன்.
வெள்ளை முதலில் மூழ்க மாட்டேன் என்றது.
காற்றை வயிற்றில் கட்டிக்கொண்டு
மேலே மேலே உப்பி வந்தது.
குத்தினேன். உள்ளே போயிற்று.
இன்னொரு பக்கம் கிளம்பியது.

வார்டிலிருந்து நான் கையுறை எடுத்து வரவில்லை.
யாராவது அதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

"சாயத்தண்ணியை வாழையடியில் ஊத்திடாதே" என்று
வீட்டுக்கார அம்மா பங்கஜவல்லி
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.
"நீலக் காய் காய்ச்சா
எந்தச் சந்தையில விக்கிறது?"

அன்று இரவு, புதிதாய் வந்த டாக்டர் பையன்
ஊசிமருந்துச் சீட்டை நீட்டியவன்
என் விரல்களைப் பார்த்து நின்றுவிட்டான்.
"சிஸ்டர், உங்கள் நகம்…"
நகம் நீலமானால் என்ன பொருள் என்று
அவனுக்குப் புத்தகம் சொல்லியிருக்கிறது,
எனக்குப் பன்னிரண்டு வருடம்.
வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார வைத்து
விரலில் கிளிப்பை மாட்டினான்.
எண்பத்தொன்பது.
அவன் முகம் என் நகத்தைவிட மோசமாயிற்று.
"திரைச்சீலை, டாக்டர்" என்றேன்.
நம்பவில்லை. காதுமடலில் மாட்டிப் பார்த்தான்.
தொண்ணூற்றெட்டு.

மூன்று நாளாய் யாரிடமும் பேசாத ஏழாம் நம்பர் கட்டில்
சிரித்தது.
சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி,
நீலக் கையால் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து
முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்,
நான்கு மணி வரை.

காலையில் திரையை மாட்டினேன்.
மடிப்பு இருந்த இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது.
ஒரு மூலையில் உப்புக் கரையாமல்
அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள்.
நூல் பாலியெஸ்டர் போலிருக்கிறது,
ஒரு துளி சாயத்தைக்கூட வாங்கவில்லை.
என் கோணல் தையல் முழுவதும்
வெள்ளை வெள்ளையாய் எண்ணும்படி நின்றது,
காயம் ஆறினாலும்
தையல் பிரிக்க வராதவனின் வயிறு மாதிரி.

இருட்டு வரவில்லை.
அறைக்குள் மாலை ஆறே முக்கால் வந்து நின்றது.
சாயம் போட்டதற்குச் சாயங்காலம்.
பரவாயில்லை என்று படுத்தேன்.

விழித்தபோது அதே ஆறே முக்கால்.
ஐயோ, பஸ் போயிருக்குமே!
முகத்தில் தண்ணீர், தலையில் பாதிப் பின்னல்,
வாயில் இரண்டு ஹேர்பின்,
கைப்பையை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தால்

வெயில், வெள்ளை வெளேரென்று.
பாயில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்த பங்கஜவல்லி
நிமிர்ந்து பார்த்தார்.
"பத்தரை மணிக்கு எங்கம்மா கிளம்பிட்டே?"

ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தேன்.
கடைக்கு என்றேன்.
இன்னும் மூன்று பாக்கெட் வேண்டியிருக்கிறது,
கறுப்பு.