நோட்டில் இல்லாத வரி

பொங்கல் சீருக்கு இன்னும் ஆறு நாள்.
மாரண்டஹள்ளியில் தங்கை மாதேஸ்வரி
ஐந்து சென்ட் மண்ணுக்கு
ஒரு சொட்டு மருந்து காட்டாமல்
ஏழு வருஷம் ஓட்டிவிட்டாள்.
நான் பாலக்கோட்டில்
உரக்கடையில் பில் போடுகிறவன்.

எங்களுக்குள் சண்டை இல்லை.
போனால் சட்டையைக் கழற்றி
வேலியில் போடச் சொல்வாள், அவ்வளவுதான்.
அந்த வாசம் எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரியும்,
அவள் பந்தலுக்கு வரும் தேனீக்களுக்கும்.

முந்தின வருஷம் சேலை எடுத்தேன்.
கீரைப் பாத்திக்கு நிழலாய்க் கட்டியிருந்தாள்,
ஜரிகைக் கரை தெற்குப் பக்கமாய்.
போன வருஷம் மிக்ஸி.
வேப்பங்கொட்டை அரைத்தாள்.
தெரியாமல் அதில் சட்னி அரைத்த மாப்பிள்ளை
இன்றைக்கும் என்னைத்தான் முறைக்கிறார்.

தருமபுரி பாத்திரக்கடையில்
செம்புப் பூவாளி ஒன்று பார்த்தேன்.
ஆணியால் துளைத்த பெயின்ட் டப்பா
இருக்கிறது அவளிடம்.
அதன் மழை இதைவிடப் பொடிசு.
எங்கள் கடையிலேயே விதைப் பாக்கெட் உண்டு.
பிரித்தால் விதையெல்லாம் லிப்ஸ்டிக் போட்டிருக்கும்,
விரலில் ஒட்டும்,
சோப்புக்கும் போகாது.

சீர் என்றால் கரும்பும் மஞ்சள் கொத்தும்தான்.
சந்தையில் வாங்கிப் போனால்
செருப்பைக் கழற்றும் முன்னே கேட்பாள்:
"யாரு கொல்லையிது?"
எந்தக் கொல்லைக்கு எத்தனை லிட்டர் போனதென்று
அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பற்று நோட்டைப் புரட்டினேன்,
வாங்காத ஒருவரைத் தேடி.
பக்கத்துக்குப் பக்கம் ஊரே வாங்கியிருந்தது.
கடைசிக்குப் பக்கத்தில்
திம்மராயன், பஞ்சப்பள்ளி.
பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
அதற்குக் கீழே
மூன்று வருஷமாய் வெறும் தாள்.

அந்த வெள்ளையைப் பார்த்து
மனுஷன் மாறிவிட்டார் என்று
சந்தோஷமாய்த் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தினதும்
வைக்கோல் போருக்குப் பின்னால்
ஒரு தலை தணிந்தது.
"ஊர்ல இல்லீங்க" என்றது அவர் வீட்டம்மா.
வைக்கோல் இருமியது.

பாக்கிக்கு வரவில்லை, மஞ்சளுக்கு வந்தேன் என்று
மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.
தலையில் துரும்போடு வந்து நின்றார்.
"மருந்தே அடிக்கறதில்லையாமே?"
"குடுத்திருந்தா அடிச்சிருப்பேன்.
நீங்கதானே கடனை நிறுத்தினீங்க."

நிறுத்தினது நான்தான்.
நோட்டில் சிவப்பு மையில் போட்ட கோடு
என் கோடு.

மஞ்சள் இடுப்பளவு நின்றது.
இலையெல்லாம் ஓட்டை.
ஓட்டை வழியாக மலை தெரிந்தது.
மூன்று கொத்து பிடுங்கினார், நாலு கரும்பு வெட்டினார்.
நானூறு ரூபாயை நீட்டினால்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"நோட்டுல கழிச்சுடுங்க."

என் காசைக் கல்லாவில் போட்டுக் கழித்தேன்.
இன்ன சரக்கு என்று எழுதுகிற இடத்தில்
மஞ்சள் என்று எழுதி
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதேஸ்வரி கிழங்கைக் கழுவவில்லை.
மண்ணோடு மோந்தாள்.
ஒரு விரலை ஒடித்து உள்நிறம் பார்த்தாள்.
பானையில் கட்ட ஒன்று போதும்,
மற்றதெல்லாம் நடுவதற்கு என்று
யாரையும் கேட்காமல் முடிவெடுத்தாள்.

"இவரு எப்ப மருந்தை விட்டாரு?"
"அவரு விடல. நாங்க குடுக்கல."

கரும்பின் தோகையைச் சீவிக்கொண்டே
அப்புறம் கேட்டாள்:
"மீதி எவ்வளவு?"
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
கட்டிட்டா
மறுபடி கடன் தருவோம்."

அரிவாள் நின்றது.
நானும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
வேலியில் என் சட்டை
கையில்லாத ஆள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.
அவரைப் பந்தலிலிருந்து ஒரு தேனீ வந்து
காலரில் உட்கார்ந்தது,
எழுந்து போய்விட்டது.