மூன்று எண்கள்

ஞாயிறு, காலை ஏழேமுக்கால்.
ஆரியங்காவு யார்டில்
மீட்டர்கேஜ் போன பிறகும் பிடுங்க மறந்த
நாற்பது அடித் தண்டவாளம்.
அதன் மேல் இஞ்சின், அதன் கீழ் நாங்கள் ஐந்து பேர்.
ஆறாவது ஆள் புரோட்டா வாங்கப் போயிருக்கிறான்.

மேற்குப் புறம்தான் எப்போதும் மோசம்.
சாரல் கணவாய் வழியே அங்கிருந்துதான் வருகிறது.
போன வாரம் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்த இடத்தில்
இந்த வாரம் மறுபடி தேமல்.
கிழக்குப் புறம் சும்மா நிற்கிறது
செங்கோட்டை வெயிலைப் பார்த்துக்கொண்டு.

ஸ்கரியா புனலூர்க்காரர்.
துருவைத் துரும்பு என்பார், அவர் மொழியில் அது சரி.
"துரும்பு முழுசும் போகணும்."
சக்கரத்துக்கு அடியிலிருந்து பீர்முகம்மது:
"எங்க ஊர்ல துரும்பு பல்லு குத்த உதவும்,
உங்க ஊர்ல இஞ்சினையே தின்னுதே சாரே."

ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்பவர்களிடம்
சொல்ல என்னிடம் நல்ல கதை இல்லை.
அப்பா டிரைவர் இல்லை. தாத்தா கரி அள்ளவில்லை.
இது ஓடிய காலத்தில் நான் ஏறியதும் இல்லை.
மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறேன்.
ஒரு நாள் மழைக்கு இதன் பக்கத்தில் ஒதுங்கினேன்.
ஸ்கரியா ஒரு ஸ்பானரை நீட்டி
இதைக் கொஞ்சம் பிடி என்றார்.
நாலு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பிடாதி
தென்காசி ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து
முதல் பஸ்ஸில் வருவாள், பையில் ஸ்டெதஸ்கோப்போடு.
பாய்லரில் நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும்போது
குழாய் குழாயாக வைத்துக் கேட்பாள்.
நூற்றுச் சொச்சம் குழாய்கள்.
"இதுல இரைப்பு இருக்கு."
சாக்பீஸால் ஒரு வட்டம்.
"இதுலயும்."
வட்டங்களைப் பார்த்த இன்ஸ்பெக்டர்
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு எழுதினார்:
நெருப்பு மூட்டக் கூடாது.

அது வைகாசியில். ஆனியில் வேறொன்று.

சக்கரங்களைக் கோக்கும் நீளத் தண்டில்
கிரீஸ் கல்லாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன்.
எண் ஒன்று வந்தது. 3417.
கேபினின் நெற்றியில் இருப்பதோ 3290.
உளி போட்டுத் தேடினோம்.
பாய்லர் விளிம்பில் மூன்றாவதாக ஒன்று,
பாதி அழிந்து, எட்டா மூன்றா என்று தெரியாமல்.

ஏதோ ஒரு ஷெட்டில், ஏதோ ஒரு அவசர இரவில்,
எது கிடைத்ததோ அதை மாட்டி
விடியுமுன் அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்கரியா கருங்கல் ஜல்லி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
பெயர்ப்பலகை எழுதி வாங்கியிருந்தார், சொந்தக் காசில்:
எண், பிறந்த வருஷம், ஓடிய தூரம் எல்லாம்.
"அப்ப இது யாரு?" என்றார்.
யாரும் பேசவில்லை.
முப்பிடாதிதான் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"ரத்தம் குடுத்தவங்க பேரையெல்லாம்
டிஸ்சார்ஜ் சீட்டுல போடறதில்ல."
அவர் தின்னர் கேட்டார். பலகையைத் துடைத்தார்.
இன்னும் அது வெற்றாகத்தான் சாய்ந்து நிற்கிறது.

இன்றைக்குக் கம்ப்ரஸர் வந்திருக்கிறது,
புளியரையில் கிணறு வெட்டுகிறவரிடம் இரவல்.
நெருப்புக்குத்தானே தடை,
காற்றுக்கு இல்லையே.
குழாயைச் சிலிண்டரில் கோத்தோம்.
பீர்முகம்மது பிஸ்மில்லா சொல்லி லீவரைத் தொட்டார்.

முதலில் எங்கிருந்தோ குளவிக்கூடு ஒன்று
தூளாகித் தெறித்தது.
விசிலைத் திறந்தால் கூவவில்லை,
கொட்டாவி விட்டது.
பிறகு தண்டு மெல்ல மேலே ஏறியது,
ஓரிடத்தில் நின்று யோசித்தது,
இறங்கியது.

பதினோரு அடி.
முப்பிடாதி செருப்பில்லாமல் கூடவே நடந்தாள்,
உள்ளங்கையை இரும்பில் வைத்தபடி.
ஸ்கரியா டேப் பிடித்து அளந்தார், இரண்டு தடவை.
நான் ஸ்பானரைக் கீழே வைக்க மறந்துவிட்டேன்.

கம்ப்ரஸரை அணைத்ததும்
புரோட்டாப் பொட்டலத்தோடு வந்தவன் கேட்டான்:
"இன்னும் ஆரம்பிக்கலையா?"