பதினான்காம் திரை

முஹரக்கில், விமானங்கள் தாழப் பறக்கும் தெருவில்,
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
பதினாறு திரைகளுக்கு நான் காவல்.
கடையில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும்.
நடக்கப்போவது தெரியாது.
எனக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம் என்று
வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொன்னேன்.
ஏசுவடியான் அண்ணன் சிரிக்கவில்லை.

அன்று பேச்சு ஏவாளைப் பற்றி.
தின்பாள் என்று முன்பே தெரிந்தவர்
மரத்தை ஏன் தோட்டத்து நடுவில் வைத்தார்,
வேலிக்கு வெளியே நட்டிருக்கலாமே என்றேன்.
வெளியே நட்டால் அது
சும்மா மரம்தானே தம்பி, என்றார்.
அதற்குள் சாயா வந்துவிட்டது.

எங்கள் கடையில் நடுவில் வைக்கிறவர் சாக்கோ.
துருக்கியிலிருந்து அத்திப்பழம் வந்து இறங்கிய அன்று
கையெட்டும் உயரத்தில் அடுக்கச் சொன்னார்.
அதன்மேல் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு.
பாம்பென்று தனியாக ஒன்றும் கிடையாது இங்கே,
அந்த விளக்குதான்.
ஊழியர் தொடக் கூடாது என்று
ஆறு மொழியில் எழுதிய அட்டையும் உண்டு.
அதில் தமிழ் இல்லை.
எனக்குச் சொல்லவே இல்லை என்று வாதாடலாம்,
அப்படி வாதாடும் முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன்.

மணி மூன்று பத்து.
பதினான்காம் திரையில் மொர்ஜினா
மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.
ஒன்றை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.
இன்னொன்றை எடுத்தாள்.
அதையும் வைத்தாள்.
அந்த வைத்தலைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
கதையில் அது இல்லை.
ஏவாளும் ஒருமுறையாவது கையை இழுத்திருப்பாள்,
எழுதினவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

மூன்றாவதைப் பிட்டாள்.
தள்ளுவண்டி தில் பகதூருக்குப் பாதியை நீட்டினாள்.
அவன் யோசிக்கவே இல்லை. அதுவும் கதைப்படிதான்.

பிடித்துக் கொடுத்தால் ஐந்து தினார்.
சின்னவளுக்கு ஒரு மாத டியூஷன்.
சிவப்புப் பொத்தான் என் கையெட்டும் உயரத்தில்.
என் உச்சந்தலையைப் பார்த்தபடி
நாற்காலிக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது.
அதன் திரை யாருடைய அறையில் என்று
நாலு வருஷமாகத் தெரியாது.

வாக்கிடாக்கியை எடுத்தேன்.
மொர்ஜினா, எங்கே இருக்கிறாய்?
கேட்ட பிறகுதான் கேட்டது என் காதில் விழுந்தது.
அவளைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன்,
கையில் காம்பு, மெல்லாமல் நின்ற கன்னம்.
தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை அது,
அன்றைக்கும்.
ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம்,
வெளியே வரவும் அதே நேரம்,
எதற்கென்று அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று
விட்ட இடைவெளி.

கருவி கரகரத்தது.
குளிரறையில் இருக்கிறாள் என்றான் தில் பகதூர், அவளுக்காக.
அவள் அதை அவனிடமிருந்து பிடுங்கினாள்.
பழத்துக்கிட்டே, பாய், என்றாள் உடைந்த ஹிந்தியில்.
நேராகக் கேமராவைப் பார்த்தாள்.
முகம் சிவந்ததா என்று சொல்ல முடியாது,
பதினான்கு மட்டும் பழைய கேமரா,
கறுப்பு வெள்ளை.

நான் எதையும் அழுத்தவில்லை.
கருணை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
ஹார்ட் டிஸ்க்கில் முப்பது நாள் இருக்கும் அது,
யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.
முப்பத்தோராம் நாள்
வேறொரு இரவு அதன்மேல் பதிந்துவிடும்.

இன்று இருபத்திரண்டு.
வேலை முடிந்து இறங்கும்போது
மஞ்சள் விளக்கின் கீழ் நின்றேன்.
ஒன்றை எடுத்தேன், லேசாக வெதுவெதுத்தது.
மேலே பார்த்தேன்.
வைத்தேன்.
எடுத்ததும் வைத்ததும் பதினான்கில் இருக்கும்,
ஏன் வைத்தேன் என்பது எந்தத் திரையிலும் இருக்காது,
எனக்கே கொஞ்சம் மங்கல்தான்.

மொர்ஜினா மாப்போடு வந்து நின்றாள்.
காலைத் தூக்கு பாய், என்றாள்,
இங்கே ஈரம்.