வியாழன்வரை

ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோ போடும்.
என்னிடம் இரண்டு.
இரண்டும் பின்லாந்துச் சாதி, தீனிக்குச் சளைக்காதவை.
கணக்கு அவ்வளவுதான்;
மீதியெல்லாம் முள்வாரியும் என் முதுகும்.

கொட்டிலுக்குப் பின்னால் மூன்று மரத்தொட்டிகள்.
லத்தி, சிந்திய வைக்கோல், சதுப்புக் கரித்தூள்,
உஸ்வாவின் மூத்திரம் ஊறிய மரச்சீவல்.
ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
உள்ளே குத்திய கம்பி
அறுபத்திரண்டு காட்டும்.
யாரும் பார்க்காதபோது கையுறையைக் கழற்றி
குவியலின் ஓரத்தில்
குளிர் காய்ந்திருக்கிறேன்.

புரட்டினேன். மூடினேன். மறுபடி புரட்டினேன்.
களைவிதை வெந்தது, குடற்புழுவின் முட்டை வெந்தது.
மே மாதம் அள்ளினால்
கறுப்பாய், பொலபொலவென்று,
மழை விட்ட காட்டின் வாசம்.
ஆறு தள்ளுவண்டி
ரைமோவின் கண்ணாடிக் குடிலுக்கு, தக்காளிக்கு.
ஒரு சென்ட் வாங்கவில்லை.
பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

யுஹன்னுஸ் இரவு. இருட்டாத இரவு.
ரைமோ வந்தான், பேசவில்லை,
மேசையில் ஓர் இலையை வைத்தான்.
இலையா அது?
பெரணிக் குருத்தாய்ச் சுருண்ட ஏதோ ஒன்று.
காப்பி ஆறும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

போன வருஷம் வறட்சி. என் புல் போதவில்லை.
போஹ்யன்மாவிலிருந்து லாரியில் வந்த கட்டுகள்.
விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"முட்செடிக்கு மருந்து அடித்தேன்.
குதிரையை ஒன்றும் செய்யாதே" என்றார்.
செய்யவில்லைதான்.
துய்ஸ்கு தின்றான், கொழுத்தான், வேலி தாண்டினான்.
அது அவன் வயிற்றைக் கடந்தது,
என் அறுபத்திரண்டைக் கடந்தது,
ரைமோவின் தக்காளிக்குப் போய்த்தான்
வாய் திறந்தது.

அந்தத் தொட்டியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.
இப்போது சமையலறை ஜன்னலில் ஆறு தயிர் டப்பாக்கள்:
மூன்றில் வெறும் மண்,
மூன்றில் இந்த வருஷத்து எரு,
ஒவ்வொன்றிலும் ஓர் அவரை விதை.

ரைமோ தினமும் காலையில் வருகிறான்,
கடன் வாங்கிய ரம்பத்தைத் திருப்பித் தர வந்ததாகச் சொல்லிக்கொண்டு,
ரம்பம் இல்லாமல்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிகிறான்.
நான்காவது டப்பாவில் முளை
மண்ணை முட்டிக் கழுத்து வளைந்து நிற்கிறது.

"சுருளா?"
"முளைக்கும்போது எல்லா அவரையும் அப்படித்தான்."
"எப்போது தெரியும்?"
"வியாழன்வரை பொறு."

கொட்டிலில் துய்ஸ்கு வாலைத் தூக்குகிறான்.
அவனுக்கு வியாழனெல்லாம் கிடையாது.