முந்நூற்று நாற்பத்தேழு நொடி

பாகாவ். திங்கள் பிறந்த பின்னிரவு, மணி மூன்று.
எது மூன்று என்பதுதான் கேள்வி.
என் கைப்பேசியில் ஒன்று,
செம்பனை ஆலையின் சர்வரில் இன்னொன்று.

மார்ச்சில் மின்சாரம் போய் வந்த இரவில்
முன்னால் தாவியது அது.
நேரம் கேட்கும் மென்பொருளோ ஏழு பதிப்பு பழசு.
கேட்ட இடத்தில் பதிலில்லை என்று
மணிக்கொரு வரி எழுதிவிட்டுத்
தூங்கியிருக்கிறது.

புதியதை ஏற்றினேன்.
ஒரேயடியாகப் பின்னுக்கு இழுக்கலாம்தான்.
இழுத்தால், எடைமேடையில் நிற்கும் லோரி
வருவதற்கு முன்னமே திரும்பியிருக்கும்.
பன்னிரண்டு நொடிக்கு ஒன்றாகக்
கிள்ளி எடுக்கச் சொல்லிவிட்டுக்
கோப்பி ஓ ஆறக் காத்திருந்தேன்.

எண்பத்திரண்டில் இந்த நாடே
அரைமணி முன்னே நகர்ந்து நின்றதாம்.
அது எல்லார்க்கும்.
இது வாசலில் விரல் வைப்பவர்க்கு மட்டும்.

பிரட்டு ஆறுக்கு.
ஐந்து ஐம்பத்தாறுக்கு விரல் வைத்த பாக்கியவதி, தாமதம்.
பின்னால் நின்ற ரொஃபிகுல், தாமதம்.
ஆளுக்கு நாளுக்கு மூன்று ரிங்கிட்.

நான்கு பத்துக்குப் பிழை தேய்ந்து முடிந்தது.
பழைய பதிவுகளை அழித்துவிடச் சொல்லியிருந்தார்
ஆபீஸ் கிராணி. இடம் அடைக்கிறதாம்.
அழிக்கவில்லை.
அச்சடித்தேன். நாற்பத்தொரு தாள்,
கடைசியில் மை வெளிறிவிட்டது.

விடியலில் பாக்கியவதி விரல் வைத்தாள்.
பெட்டி பச்சை காட்டியது.
அவள் நம்பாமல்
இன்னொரு தரம் வைத்தாள்.